பெரியம்மா இல்லாத முதல் கிறிஸ்துமஸ்

எங்கள் குடும்பத்தில் கிறிஸ்துமஸ் என்றால் பெரியப்பா வீடுதான். அப்பாவுடன் பிறந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், தாத்தாவின் தம்பியான சின்னத் தாத்தா என்று நான்கு தலைமுறையைச் சேர்ந்த 34 பேர், டிசம்பர் 25 அன்று காலைத் திருப்பலி முடிந்த கையோடு அங்கே வந்து சேர்ந்து, இரவு ஒன்பது மணிவாக்கில் பிரிந்து செல்வது எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நடந்துவருகிறது. அந்த நாளை நடத்தியவர் பெரியம்மா. சென்ற ஆண்டு ஆகஸ்டில் அவர் காலமானார். நான்கு மாதம் கழித்து வந்த கிறிஸ்துமஸில் சமையலையும் துப்புரவையும் எங்களால் பங்கிட்டுக்கொள்ள முடிந்தது. ஆனால் அவர் யாரிடமும் சொல்லாமல் மனத்தில் வைத்திருந்த விவரங்கள் எத்தனை என்பது ஒவ்வொன்றாகத் தவறிப்போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பெரிய குடும்பமாகக் கூடுகிற மற்றவர்களுக்கும் அவற்றில் சில பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன்.

கூடுவதா வேண்டாமா என்பதே நவம்பரில் ஒரு கேள்வியாக இருந்தது. துக்கம் நடந்த ஆண்டில் வேண்டாம் என்றார் சித்தப்பா. பெரியப்பாதான், "அவ இருந்தா எல்லாரையும் வரச் சொல்லியிருப்பா, வாங்க" என்று முடித்துவைத்தார். அடுத்து, செவிலியராகப் பணிபுரியும் என் தங்கைக்கு 25 ஆம் தேதி மாலை வரை பணி இருந்ததால், கூடுகையை வேறொரு நாளுக்கு மாற்றலாமா என்ற பேச்சு எழுந்தது. கிறிஸ்து பிறப்பை வேறு நாளில் கொண்டாடுவதா என்று மூத்தவர்கள் தயங்கினார்கள். உரோமையில் டிசம்பர் 25 அன்று இவ்விழா குறிக்கப்பட்டதற்கு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சான்று 336 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆர்மேனியத் திருச்சபை இன்றைக்கும் ஜனவரி 6 அன்றுதான் கொண்டாடுகிறது. ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றும் கீழைத் திருச்சபைகளுக்கு அது ஜனவரி 7 ஆம் நாளில் வருகிறது. இவற்றையெல்லாம் எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் தேதி மாறவில்லை. ஆனாலும் பண்டிகையன்று வேலைக்குப் போகிறவர்களை, வர முடியாதவர்கள் என்று கணக்கிலிருந்து நீக்கிவிடாமல், அவர்கள் எத்தனை மணிக்கு வந்தாலும் அவர்களுக்கென்று ஏதாவது மிச்சம் வைக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். மாலை ஜெபத்தை ஏழரை மணிக்குத் தள்ளிவைத்தோம். அது நல்ல முடிவாக அமைந்தது.

அன்று காலை நான் மற்றவர்களுக்கு முன்பாகவே போய்ச் சேர்ந்தேன். வழக்கமாக நள்ளிரவுத் திருப்பலிக்கு முன்பே தயாராகிவிடும் குடில், அந்த ஆண்டு வைக்கப்படாமல் பெட்டியோடு இருந்தது. பெரியப்பாவால் அதைத் திறக்க முடியவில்லை என்பது பார்த்தவுடன் புரிந்தது. குழந்தைகளை உட்காரவைத்துப் பெட்டியைத் திறந்தேன். ஒவ்வொரு சுரூபமும் பழைய செய்தித்தாளில் தனித்தனியாகச் சுற்றப்பட்டிருந்தது. தாளின் ஓரத்தில் பெரியம்மாவின் சாய்ந்த கையெழுத்து. "சூசையப்பர் – கைத்தடி தனியாக இருக்கிறது, தேடவும்." "கால் ஒடிந்த ஆடு – வைக்கோலுக்குள் வை, முன்னால் வைக்காதே." யாருக்காக எழுதினார் என்று தெரியவில்லை, இத்தனை ஆண்டுகளாகக் குடிலை வைத்தவர் அவரே. குழந்தைகளுக்கு, 1223 ஆம் ஆண்டில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் இத்தாலியின் கிரேச்சோ என்ற ஊரில் தீவனத் தொட்டியும் வைக்கோலும் ஓர் எருதும் ஒரு கழுதையும் கொண்டுவரச் செய்து, மக்கள் கண்ணால் காணும்படி கிறிஸ்து பிறப்பு விழாவை நடத்திய கதையைச் சொல்லிக்கொண்டே சுரூபங்களை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தேன். பன்னிரண்டு குழந்தைகளுக்கு ஆளுக்கு ஒன்று என்றதும் சண்டை இல்லை, கூச்சல் இல்லை. ஒரு மணி நேரம் போனது தெரியவில்லை. வந்தவுடன் குழந்தைகளின் கைக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டால் அந்த நாளின் முதல் பாதி நல்லபடியாகப் போய்விடும். குடில் இல்லாவிட்டால் மேசை விரிப்பது, பெயர் எழுதிய சீட்டுகளை வைப்பது என்று எதுவாகவும் இருக்கலாம்.

நான் மறக்க முடியாதது மதியம் நடந்தது. சாப்பாடு ஒரு மணிக்கு என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தோம். அதை நம்பி அத்தை, 67 வயது, பன்னிரண்டே முக்காலுக்குத் தம் இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டார். அது சாப்பாட்டுக்குச் சற்று முன்பு போட்டுக்கொள்கிற, கால் மணி நேரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடுகிற வகை. ஏழு பேர் வரவேண்டிய ஒரு கார் வழியில் தாமதமாயிற்று. அவர்களும் வந்துவிடட்டுமே என்று எல்லோரும் காத்திருந்தோம். ஒன்றே முக்காலுக்கு அத்தை கூடத்தின் ஓரத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நெற்றியிலும் மேலுதட்டிலும் வியர்வை முத்துமுத்தாக நின்றது. மடியில் கிடந்த விரல்கள் நடுங்கின. களைப்பு என்று நினைத்து யாரோ விசிறிவிட்டார்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டபோது பதில் குழறலாக வந்தது. அவருடைய மருமகள் ஓடிவந்து விரல் நுனியில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை அளவு 52 காட்டியது. 70 க்குக் கீழே போனாலே அது தாழ்சர்க்கரை.

அந்தப் பதற்றத்தில் என் கையில் அகப்பட்டது கேக்தான். பெரிய துண்டாக வெட்டிக்கொண்டு ஓடினேன். மருமகள் அதைத் தடுத்துவிட்டு, அரை டம்ளர் தண்ணீரில் நான்கு தேக்கரண்டி சர்க்கரையைக் கலக்கிக் குடிக்கவைத்தார். கேக்கிலும் சாக்லேட்டிலும் உள்ள கொழுப்பு, சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்திவிடும் என்பதும், இத்தகைய நேரத்தில் வேண்டியது ஏறத்தாழ 15 கிராம் வெறும் சர்க்கரையோ அதே அளவு சர்க்கரை உள்ள பழச்சாறோதான் என்பதும், 15 நிமிடம் கழித்து மறுபடியும் சோதித்து, ஏறவில்லையென்றால் இன்னொரு முறை கொடுக்க வேண்டும் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தன. விழுங்க முடியாத நிலையிலோ நினைவு தப்பியோ இருப்பவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அப்போது மருத்துவ உதவியை அழைப்பதுதான் வழி. பதினைந்து நிமிடத்தில் 84 க்கு ஏறியது. உடனே அத்தைக்குச் சாப்பாடு பரிமாறினோம்.

முகம் தெளிந்த பிறகு அத்தை சொன்னது இதுதான்: "அண்ணி எப்பவும் என் தட்டைக் கொண்டுவந்து முன்னால வச்சிட்டுத்தான், இப்பப் போட்டுக்கோன்னு சொல்லுவாங்க. அந்தப் பழக்கத்துல நான் நேரத்தைப் பத்தி யோசிச்சதே இல்ல." முப்பது பேருக்குப் பரிமாறுகிற நெருக்கடியில் ஒருவரின் ஊசி நேரத்தை அவர் ஆண்டுதோறும் நினைவில் வைத்திருந்தார். அதை எங்களில் ஒருவர்கூடக் கவனித்ததில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. இனி எங்கள் வீட்டில், வரவேண்டியவர்களுக்காக யாரும் பசியோடு காத்திருக்கப்போவதில்லை. முதியவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் மருந்து எடுப்பவர்களுக்கும் முதல் பந்தி பன்னிரண்டே முக்காலுக்கு நடந்துவிடும். பிந்தி வருபவர்கள் வந்தபோது சாப்பிடுவார்கள். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்ற ஆசையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த ஆசையின் விலையை அத்தை கொடுக்க வேண்டியதில்லை. சேர்ந்து உட்காருவதற்கு மாலைத் தேநீர் இருக்கிறது.

சின்னத் தாத்தாவின் கதை வேறு. அவருக்கு 87 வயது. இரு காதுகளிலும் கருவி வைத்திருக்கிறார். வீட்டிலேயே மூத்தவர் என்ற மரியாதையில், கூடத்தின் நடுவே நல்ல நாற்காலியைப் போட்டு அவரை உட்காரவைத்தோம். ஒலிபெருக்கியில் கிறிஸ்துமஸ் பாடல்கள் ஓடிக்கொண்டிருந்தன. நான்கு பக்கமும் பேச்சு. குழந்தைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடினார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவரும் அவரிடம் குனிந்து உரக்க எதையோ சொல்ல, அவர் சிரித்தபடி தலையாட்டினார். தாத்தா மகிழ்ச்சியாக இருக்கிறார் என்று எல்லோரும் நினைத்தோம். மூன்றரை மணிக்கு அருகில் போய் உட்கார்ந்தபோதுதான் அவருடைய சட்டைப் பையில் இரண்டு கருவிகளும் கழற்றிப் போடப்பட்டிருப்பதைப் பார்த்தேன். "ஒரே இரைச்சலா இருக்கும்மா" என்றார், குற்றம் செய்தவரைப் போல.

வயதானவர்களுக்குக் கேட்கும் திறன் குறையும்போது பெரும்பாலும் முதலில் போவது உயர்ந்த சுருதி ஒலிகள். உயிரொலிகள் தாழ்ந்த சுருதியில் வலுவாக இருப்பதால் அவை கேட்கும்; சகரம், தகரம், ககரம் போன்ற மெல்லிய, உயர்ந்த ஒலிகள் நழுவிவிடும். ஆகவே யாரோ பேசுகிறார்கள் என்பது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்பது பிடிபடாது. காதுக் கருவி நம் பேச்சோடு சேர்த்துத் தட்டு மோதும் ஓசையையும் பாட்டையும் பெரிதாக்கிவிடுகிறது. நாம் கத்தினால் அவருக்கு மிஞ்சுவது கோணிய முகமும் சிதைந்த ஒலியும்தான்.

பெரியம்மா அவரை எப்போதும் பக்கத்து அறையில், சுவரை ஒட்டிய சன்னலோர நாற்காலியில்தான் உட்காரவைப்பார். தாத்தா ஓய்வெடுக்கட்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அன்று அவரை அங்கே அழைத்துச் சென்று, கதவைச் சாத்தி, கருவிகளை மாட்டிவிட்டு எதிரே உட்கார்ந்தபோதுதான் அந்த இடத்தின் அருமை புரிந்தது. பின்னால் சுவர் இருப்பதால் முதுகுப் பக்கமிருந்து சத்தம் வராது. சன்னல் வெளிச்சம் எதிரே இருப்பவரின் முகத்தில் விழுவதால் உதட்டசைவு தெளிவாகத் தெரியும். பெரியம்மா ஆட்களை இரண்டிரண்டு பேராக உள்ளே அனுப்புவாரே, அதற்கும் காரணம் இதுதான். நானும் என் மகனும் சாதாரணக் குரலில், சற்று நிதானமாக, எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டுப் பேசினோம். அவரும் என் தாத்தாவும் சிறுவர்களாக இருந்தபோது ஒரே விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நள்ளிரவுத் திருப்பலிக்கு நடந்து போனதையும், பாதி வழியில் விளக்கு அணைந்துவிட, அண்ணன் தன் தோளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி இருட்டில் கூட்டிப்போனதையும் அவர் நாற்பது நிமிடம் சொன்னார். கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு மகன் அதைக் கைப்பேசியில் பதிவு செய்தான். எங்கள் தாத்தாவைப் பற்றி எஞ்சியிருக்கும் ஒரே குரல் பதிவு அதுதான். பெரிய கூட்டத்துக்குப் போகிறவர்களுக்கு நான் உறுதியாகச் சொல்வது இது: எல்லோரிடமும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவதைக் காட்டிலும், வயதில் மூத்த ஒருவரைத் தேர்ந்துகொண்டு, சத்தமில்லாத ஓர் இடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

பரிசுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நவம்பரிலேயே பெயர்ச்சீட்டு எடுத்து ஒருவருக்கு ஒருவர் என்று வைத்துக்கொண்டதால் செலவும் குழப்பமும் குறைந்தன. ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு வந்த, விளக்கெரியும் பொம்மையின் பட்டன் பேட்டரி மூடிக்குத் திருகாணி இல்லை. நகத்தால் நெம்பினாலே திறந்துகொண்டது. அத்தகைய பேட்டரியை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுவை அரித்துப் பெரும் புண்ணை உண்டாக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் வந்தாலே காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பரிசைப் பிரித்தவுடனே பெரியவர் ஒருவர் மூடியைச் சோதித்துவிட்டுக் கொடுப்பது நல்லது. சின்னத் தாத்தாவின் காதுக் கருவியிலும் அதே போன்ற சிறிய பேட்டரிகள் இருப்பதால், கழற்றிப்போட்ட பழைய பேட்டரிகள் எங்கே போகின்றன என்பதையும் கவனிக்கத் தொடங்கியிருக்கிறோம்.

ஏழு மணிக்குத் தங்கை பணி முடிந்து வந்தாள். மீந்த உணவை வீட்டுக்கு வீடு கொடுத்தனுப்ப டப்பாக்களில் நிரப்பிக்கொண்டிருந்தோம். அவள் பெரிய பானையிலிருந்த இறைச்சிக் குழம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எத்தனை மணிக்கு அடுப்பை அணைச்சீங்க?" என்றாள். இரண்டு மணிக்கு. மூடி போட்டு, ஆறட்டும் என்று அப்படியே விட்டிருந்தோம். ஐந்து மணி நேரம் கழிந்தும் நடுப்பகுதி வெதுவெதுப்பாகவே இருந்தது. 5 டிகிரி செல்சியசுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில்தான் கிருமிகள் பெருகும் என்பதையும், சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல், வெக்கையான நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல், வெளியே வைக்கக் கூடாது என்பதையும் அவள் விளக்கினாள். சோற்றின் நிலையும் அதுதான்: கொதித்தாலும் சாகாத நுண்வித்துகள் அரிசியில் இருக்கலாம், அவை முளைத்து உண்டாக்கும் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. பண்டிகை நாளில் அரைப் பானைக் குழம்பையும் சோற்றையும் கொட்டும்போது வயிறு எரிந்தது. பெரியம்மா சாப்பாடு முடிந்ததுமே எல்லாவற்றையும் அகலமான தட்டங்களில் பரப்பி வைப்பார். அடுக்கி வைக்க வசதியாக இருக்கும் என்பதற்காக என்று நினைத்திருந்தோம். பரப்பினால் சீக்கிரம் ஆறும், ஆறியதும் குளிர்பதனப் பெட்டிக்குள் போய்விடும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஏழரை மணி ஜெபத்தில் லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தை வாசிப்பது பெரியப்பாவின் பங்கு. பாதியில் அவருடைய குரல் நின்றுவிட்டது. சித்தப்பா புத்தகத்தை மெல்ல வாங்கி மீதியை வாசித்தார். பிறகு பாடல், முத்தம், விடைபெறல். அன்று முழுவதும் பெரியப்பாவின் முன்னால் பெரியம்மாவின் பேரை யாருமே சொல்லவில்லை. அவர் மனம் நோகக் கூடாது என்ற அன்பினால்தான் தவிர்த்தோம். அது தவறு என்பதைப் பன்னிரண்டு நாள் கழித்துத் தெரிந்துகொண்டேன்.

திருக்காட்சி விழாவின் மரபான நாளான ஜனவரி 6 அன்று, குடிலைப் பிரித்து வைக்கலாம் என்று நானும் தங்கையும் மட்டும் போனோம். வீடு அமைதியாக இருந்தது. பெரியப்பா தாமே பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். "அன்னைக்கு 34 பேர் வந்தீங்க. அவளைப் பத்தி ஒருத்தராவது பேசுவீங்கன்னு சாயங்காலம் வரைக்கும் எதிர்பார்த்தேன்" என்றார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு அத்தைக்கு வந்த மயக்கத்தையும், சன்னலோர நாற்காலியையும், தட்டங்களையும் பற்றிச் சொன்னோம். அவர் ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டு, எங்களுக்குத் தெரியாத இன்னும் ஐந்தாறு விவரங்களைச் சொன்னார்: யாருக்கு எந்த உணவு ஒவ்வாது, எந்தக் குழந்தையை மூன்று மணிக்கு உள்ளறையில் தூங்கவைத்தால் மாலையில் அழாது, கணவரை இழந்த சித்தியை ஏன் எப்போதும் சமையலறைக்கு அருகில் உட்காரவைப்பார். தங்கை எல்லாவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள். இந்தக் கிறிஸ்துமஸுக்கு அதை இரண்டு பேர் கையில் வைத்திருப்பார்கள்.

சுரூபங்களைச் சுற்ற நான் புதிய செய்தித்தாளை எடுத்து வைத்திருந்தேன். பெரியப்பா அதை ஒதுக்கிவிட்டு, மடிப்புகளில் கிழிந்துபோயிருந்த பழைய தாள்களையே எடுத்து, ஓரத்து எழுத்து வெளியே தெரியும்படி ஒவ்வொன்றாகச் சுற்றினார். கால் ஒடிந்த ஆட்டின் தாள் மட்டும் இரண்டாகக் கிழிந்திருந்தது. தங்கை ஒட்டுநாடாவைத் தேடி உள்ளே போனாள்.